கேட்டுக்காரர் அளந்த தண்ணீர்

கேட்டுக்காரருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டைக்குள் பிளாஸ்டிக் உறை போட்டுப் பத்திரமாக இருக்கிறது. வெளிக்காற்று அதன் மேல் பட்டதே இல்லை. முப்பது வருஷமாக இரும்பு கேட்டு செய்கிறவரைக் கேட்டுக்காரர் என்று கூப்பிடாமல் வேறு என்னவென்று கூப்பிடுவது? ஊரில் பாதி வீட்டு வாசலில் அவர் பற்றவைத்த இரும்புதான் நிற்கிறது. வீட்டுக்காரன் வெளியே போவதும் திருடன் உள்ளே வருவதும் அவர் கைவேலையைத் தாண்டித்தான்.

ஆள் பார்க்க முரடு. வெல்டிங் பொறி தெறித்துத் தெறித்து முன்கை இரண்டும் புள்ளி புள்ளியாகக் கருத்திருக்கும். இடது கண் பாதி மூடியே இருக்கும். கண்ணடிக்கிறார் என்று நினைத்து முறைத்த வாடிக்கையாளர்கள் உண்டு. ஒரே ஒருத்தர் திருப்பிக் கண்ணடித்ததும் உண்டு. அந்தக் கதை இங்கே வேண்டாம்.

எதைப் பார்த்தாலும் அளந்துவிடுகிற வியாதி அவருக்கு. பிறந்த குழந்தையைக் கையில் கொடுத்தால், "பத்தொன்பதரை இன்ச்" என்று சொல்லிவிட்டுத்தான் யார் ஜாடை என்று பார்ப்பார். நர்ஸ் டேப் வைத்துப் பார்த்தால் பத்தொன்பதரைதான் இருக்கும். அளவில் அவர் பொய் சொன்னதாக யாரும் சொன்னதில்லை. மற்ற விஷயங்களில் தாராளமாகச் சொல்வார். நாளைக்கு வேலை முடிந்துவிடும் என்று அவர் சொன்னால் அது அடுத்த மாதத்தைக் குறிக்கும்.

அவருக்குக் கீழே ஒரு தம்பி, ஒரு தங்கச்சி.

தம்பி உயரம் நாலடி ஒன்பது இன்ச். சொந்த அண்ணனே வைத்த பட்டப்பெயர் அரையடி. சைக்கிளுக்குப் பஞ்சர் ஒட்டுவது அவருக்குத் தொழில். அச்சகத் தெருவில் ஒற்றை அறை வீடு. மேலே ஓடு, உள்ளே ஒரு கட்டில், சுவரில் சாமான் போட ஒரு சிமெண்ட் பரண். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவர் மனைவிக்கு வாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டது. அதிலிருந்து சமையல், குளிப்பாட்டல், தலைவாரல் எல்லாமே அரையடிதான். அவர் பின்னிய சடை சைக்கிள் செயினைப் போலக் கணுக் கணுவாக இருக்கும். "எண்ணெய் போட்டிருக்கேன், இனிமே சத்தம் வராது" என்று சொல்லி அவளைச் சிரிக்க வைப்பார். இடது பக்க உதடு மட்டும்தான் சிரிக்கும். அவருக்கு அது போதும்.

தங்கச்சிக்கு நகராட்சி அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. வயது நாற்பத்திரண்டு, மூக்குக் கண்ணாடி, மேலதிகாரிகளே எட்டி நின்று பேசுகிற முகம். ஆனாலும் அண்ணன்மார் இருவருக்கும் அவள் பாப்பாதான்.

திங்கட்கிழமை புயல் வந்தது. கேட்டுக்காரரின் பட்டறைத் தகரம் பறந்து எதிர்வீட்டு மாமரத்தில் உட்கார்ந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் தம்பி போன் செய்தார்.

"அண்ணே, பட்டறை எப்படி இருக்கு?"

"கூரை இல்ல. வானம் இருக்கு."

"என் வீட்டுல கூரை இருக்கு. தரையைத்தான் காணோம். கணுக்காலுக்கு நிக்குது."

"அப்புறம் அங்க என்னடா பண்ற? கெளம்பி வா."

"இவளைத் தூக்கிக்கிட்டு எங்கண்ணே வர்றது? கட்டில் காலுக்கு அடியில செங்கல் அடுக்கிட்டேன். ரெண்டரை அடி உசரத்துல மகாராணி மாதிரி படுத்திருக்கா. நீ போய் உன் கூரையைப் பொறுக்கு."

அன்று மத்தியானம் மேலே இருந்த நீர்த்தேக்கத்தைத் திறந்துவிட்டார்கள். சாயங்காலத்துக்குள் ஊர் ஏரியாகிவிட்டது. தம்பி போன் அதோடு செத்துப்போனது.

புதன்கிழமை காலையில் நகராட்சி அலுவலகத்தின் முதல் மாடியில் இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஜெனரேட்டர், ஒரு இன்ஜினியர், நாலு படகு. படகு நாலும் மாடியில் இல்லை, கீழே படிக்கட்டில் கட்டியிருந்தது. தொண்ணூறு தெருவுக்கு நாலு படகு. எந்தத் தெருவுக்கு முதலில் அனுப்புவது?

போன் செய்த அத்தனை பேரும் எட்டடித் தண்ணீர் என்றார்கள். அத்தனை வீட்டிலும் நெஞ்சுவலிக்காரர் ஒருத்தர் இருந்தார். பயந்தவன் வாயில் அப்படித்தான் வரும். அதனால் இன்ஜினியர் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவருக்கு ஒரு வழி தெரிந்திருந்தது. ஆன்லைன் மேப்பில் ஒவ்வொரு தெருவுக்கும், கேமரா வைத்த கார் ஒன்று முன்பு ஓடி எடுத்த படம் இருக்கிறது. வாசல், மதில், கம்பம் எல்லாம் அதில் தெரியும். ஜனங்கள் மொட்டைமாடியிலிருந்து எடுத்து அனுப்பிய வெள்ளப் படத்தைப் பக்கத்தில் வைத்து, எது எவ்வளவு முழுகியிருக்கிறது என்று பார்த்தால் ஆழம் கிடைத்துவிடும். நாலடிக்கு மேல் என்றால் உடனே படகு. மூன்றிலிருந்து நாலு என்றால் அடுத்தது. மூன்றுக்குக் கீழே என்றால் தண்ணீர் வடிந்தபின் டிராக்டர்.

"மனுஷன் கூட்டிச் சொல்லுவான்மா. மதில்சுவர் கூட்டிச் சொல்லாது" என்றார் இன்ஜினியர்.

மதில்சுவர் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. ஒரு மதில் நாலடியா ஆறடியா என்று படத்தைப் பார்த்து யாருக்குத் தெரியும்? பாப்பா ஒரு மணி நேரம் திணறினாள். அப்புறம் ஒரு படத்தில் பாதி முழுகிய ஒரு கேட்டைப் பார்த்தாள். மேல்கம்பிக்குக் கீழே வரிசையாக ஏழு வளையம்.

"சார், இது எங்க அண்ணன் செஞ்ச கேட்டு. அவரு எல்லாக் கேட்டும் அஞ்சடிக்குத்தான் செய்வாரு."

அரைமணி நேரத்தில் கேட்டுக்காரரை டிராக்டரில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். வந்தவர் முதல் வேலையாக இடுப்பிலிருந்த டேப்பை உருவிக் கம்ப்யூட்டர் திரையில் வைத்தார்.

"அண்ணே, திரையில டேப்பை வைக்காத! அதுல மூணு இன்ச்தான் வரும்."

"தெரியும், பாப்பா. சும்மா பழக்கதோஷம்."

பிறகு உட்கார்ந்து யோசித்து ஒரு காகிதத்தை நீளமாகக் கிழித்தார். மேப் படத்தில் கேட்டு எவ்வளவு உயரமோ அவ்வளவுக்கு அதை வெட்டினார். அதை ஐந்தாக மடித்தார். ஒரு மடிப்பு ஒரு அடி. வெள்ளப் படத்தில் கேட்டின் அகலம் அதே அளவு வரும்வரை பெரிதாக்கச் சொல்லி, தண்ணீருக்கு மேலே எத்தனை மடிப்புத் தெரிகிறதோ அதை ஐந்திலிருந்து கழித்தார். அவ்வளவுதான் வித்தை.

"மேல ஒண்ணரை. மூணரை முழுகியிருக்கு. எழுதிக்க."

இன்ஜினியர் ஒரு படகைப் போகச் சொல்லி, கம்பால் அளந்து வயர்லெஸ்ஸில் சொல்லச் சொன்னார். மூன்றடி ஐந்தரை இன்ச் என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கேட்டுக்காரருக்குத் தனி நாற்காலி. டீயும் வந்தது.

அந்த அறையில் வரி வசூல் கிளார்க் ஒருத்தரும் உட்கார்ந்து ஆழம் குறித்துக்கொண்டிருந்தார். அவர் குறித்த ஒரு தெருவுக்கு ஐந்தடி. அதற்கு முன்தெரு மூன்றடி, பின்தெரு மூன்றடி. இன்ஜினியர் சுவரில் ஒட்டியிருந்த பட்டியலைப் பார்த்தார், கிளார்க்கைப் பார்த்தார்.

"அந்தத் தெருவுல யாரு இருக்காங்க?"

"எங்க மாமியார், சார்."

"தண்ணி என்ன, உங்க மாமியாரைக் கண்டதும் மரியாதைக்கு எழுந்து நிக்குதா?"

எல்லோரும் சிரித்தார்கள். கிளார்க்கைக் கீழே தண்ணீர்க் கேன் எண்ண அனுப்பினார் இன்ஜினியர். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "இங்க இருக்கிற எல்லாருக்கும் வெளியில ஆளு இருக்காங்க. எனக்கும் இருக்காங்க. ஒரு அடி பொய் சொன்னா, அந்த ஒரு அடியில வேற யாரோ போறாங்க."

கேட்டுக்காரரும் பாப்பாவும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை. இரண்டு பேர் மனதிலும் அச்சகத் தெருதான் இருந்தது. அங்கிருந்து இன்னும் படம் வரவில்லை.

பத்தேகாலுக்கு வந்தது. அந்தத் தெரு முனையில் மாடிவீட்டில் இருக்கிற தையல்காரர் அனுப்பியிருந்தார். 'எட்டடித் தண்ணீர், உடனே வரவும்' என்ற வழக்கமான வாசகம். தெருவைப் பார்த்து எடுத்த படம். எதிர்வரிசை வீடுகளின் கேட்டு மூன்று தெரிந்தது. மூன்றும் ஏழு வளையம். பாப்பா மேப்பில் அந்தத் தெருவைத் திறந்தாள். நல்ல வெயில் அடிக்கிற ஒரு நாள். தம்பி வீட்டு வாசல்கூட ஓரத்தில் தெரிந்தது. கதவு திறந்திருந்தது. தெருவும் வீட்டுத் தரையும் ஒரே மட்டம். வாசலில் சாய்த்து வைத்த சைக்கிள் டயர்கள்.

"சரியா பாருண்ணே" என்றாள் பாப்பா. குரல் சின்னதாகிவிட்டது.

அவர் காகிதத்தை வெட்டினார், மடித்தார், வைத்துப் பார்த்தார். மேலே இரண்டேகால். இரண்டே முக்கால் முழுகியிருக்கிறது. இன்னொரு கேட்டில் வைத்துப் பார்த்தார். அதே இரண்டே முக்கால்தான்.

இரண்டே முக்கால் என்றால் படகு இல்லை.

இங்கேதான் மனிதர் கொஞ்சம் தடுமாறினார். வாயில் நாலு வந்து நின்றது. நாலு என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? காகிதம் அவர் கையில், கேட்டு அவருடையது, இன்ஜினியர் அவரைக் கடவுள் போல நம்பிக்கொண்டிருந்தார். நாலு என்று சொன்னால் அரைமணியில் படகு போய்விடும். ஆனால் அந்தப் படகு போயிருக்கவேண்டிய இன்னொரு தெரு? அங்கேயும் யாருக்கோ தம்பி இருப்பான். கட்டில் உயரம் இரண்டரை. தண்ணீர் இரண்டே முக்கால். மெத்தை நனையும். அவளைத் தூக்கி உட்கார வைத்துக்கொள்வான். தம்பிக்குத் தண்ணீர் இடுப்புக்கு மேலே வரும், அவ்வளவுதான். தாங்குவான்.

"ரெண்டே முக்கால்" என்றார்.

பாப்பாவின் விரல் விசைப்பலகை மேல் அப்படியே நின்றது.

"அடி, பாப்பா. ரெண்டே முக்கால் அடி. எழுது."

எழுதினாள். டிராக்டர் பட்டியலில் அச்சகத் தெரு பதினான்காவதாகப் போய் உட்கார்ந்தது. இன்ஜினியர் அதைப் பார்க்கக்கூட இல்லை. தங்கள் நேர்மையை யாரும் கவனிக்கவில்லையே என்று கேட்டுக்காரருக்கு ஒரு துளி வருத்தம்கூட வந்ததாம். அந்தத் துளிக்காகப் பிற்பாடு அவர் தன்னை மன்னிக்கவே இல்லை.

மத்தியானம் வரைக்கும் முப்பத்திரண்டு தெரு அளந்தார்கள். நடுவில் ரொட்டி வந்தது. யாரோ சாப்பிட்டார்கள்.

ஒன்றரை மணிக்குத் தையல்காரரிடமிருந்து இரண்டாவது படம். இந்த முறை வாசகம் வேறு மாதிரி இருந்தது. 'பக்கத்து ஓட்டு வீட்டிலிருந்து காலையில் சத்தம் கேட்டது. இப்போது பெண் குரல் மட்டும் கேட்கிறது. எனக்கு நீச்சல் தெரியாது.' படம் மாடியின் பின்பக்கத்திலிருந்து எடுத்தது. தம்பி வீட்டுப் பக்கச் சுவரும் ஜன்னலும் தெரிந்தன.

அந்த ஜன்னல் கிரில்லும் கேட்டுக்காரர் செய்ததுதான். வீட்டுத் தரையிலிருந்து சரியாக மூன்றடி உயரத்தில் ஆரம்பிக்கும். அரையடிக்கு ஒரு குறுக்குக் கம்பி. கீழே இரண்டு கம்பி இடைவெளியும் மூன்றாவதில் பாதியும் தண்ணீருக்குள் இருந்தன.

"மூணு. அதோட ஒண்ணேகால்" என்று முணுமுணுத்தார். "நாலேகால்."

"என்னண்ணே?"

"நாலேகால் வருது. தெருவுல ரெண்டே முக்கால். பத்தடி தள்ளி வீட்டுக்குள்ள நாலேகால். தண்ணி மட்டமாத்தானே நிக்கும்? எப்படி ஒண்ணரை அடி ஏறும்?"

திரையில் இன்னும் அந்த வெயில் நாள் இருந்தது. திறந்த கதவு, டயர்கள், தெருவும் தரையும் ஒரே மட்டம். கேட்டுக்காரர் அதையே பார்த்தார்.

"பாப்பா, இந்தப் படம் என்னைக்கு எடுத்தது?"

மூலையில் பொடி எழுத்தில் இருந்ததை அவள் படித்தாள். "ஆறு வருஷம் ஆச்சு."

அவர் கையிலிருந்த காகிதத்தை மேஜையில் வைத்தார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அச்சகத் தெருவுக்குப் புது ரோடு போட்டார்கள். பழைய ரோட்டைத் தோண்டாமல் அதன் தலைமேலேயே கொட்டி ஒன்றரை அடி உயர்த்தினார்கள். ரோடு உயர்ந்தது, வீடுகள் இருந்த இடத்திலேயே இருந்தன. தெருவிலிருந்து வீட்டுக்குள் நேராக நடந்து போனவர்கள் இறங்கிப் போக ஆரம்பித்தார்கள். கேட்டுகள் ரோட்டில் இடித்துத் திறக்கவே இல்லை. அடியை வெட்டினால் அழகு போய்விடும் என்று, கேட்டு வைத்திருந்த ஏழு வீட்டுக்காரர்களும் கீலைக் கழற்றி ஒன்றரை அடி மேலே வைத்துப் பற்றவைக்கச் சொன்னார்கள். அந்த வேலையைப் பிடித்துக் கொடுத்ததே தம்பிதான். பற்றவைக்கும்போது கேட்டை அடியிலிருந்து தோளில் தாங்கி நின்றவரும் அவர்தான்.

கேட்டு சொன்னது புது ரோட்டின் ஆழத்தை. தம்பி நின்றுகொண்டிருந்தது பழைய தரையில்.

தன் கையால் ஏற்றிவைத்த கேட்டு. மாதத்துக்கு நாலு தடவை இறங்கிப் போன வாசல். காலையில் ஒரு நிமிஷம் கண்ணை மூடி அந்த வீட்டுக்குள் நடந்து பார்த்திருந்தால் கால் இறங்கியிருக்கும். அவர் படத்துக்குள் நடந்தார். படத்தில் இறக்கம் இல்லை. யாருக்கும் சலுகை காட்டிவிடக்கூடாது என்ற பயத்தில், தம்பி வீடு என்பதையே மனதிலிருந்து துடைத்துவிட்டு அளந்தார். அதோடு அந்தப் பள்ளத்தையும் துடைத்துவிட்டார். ஒன்றரை அடி பொய் சொல்லியிருந்தால் அதுதான் உண்மையாக இருந்திருக்கும்.

இன்ஜினியரிடம் ஓடினார்.

"சார், அச்சகத் தெருவுக்குப் படகு அனுப்புங்க. நாலேகால் அடி."

இன்ஜினியர் பட்டியலைப் பார்த்தார். "காலையில ரெண்டே முக்கால்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அது ரோட்டுக்கு, சார். இது வீட்டுக்கு."

"யாரு வீட்டுக்கு?"

"என் தம்பி வீட்டுக்கு."

கேன் எண்ணிவிட்டு மேலே வந்திருந்த கிளார்க் அவரை ஒரு பார்வை பார்த்தார். அதில் கேலி இல்லை. இருந்திருந்தால் தேவலை.

"ஐயா, காலையிலயே நான் சொன்னேன்..." என்று ஆரம்பித்தார் இன்ஜினியர்.

"நான் பொய்யன்னே வச்சுக்கங்க, சார். என் தம்பியை விடுங்க. ரோட்டை ஏத்தின தெருவெல்லாம் எதுன்னு உங்ககிட்ட பட்டியல் இருக்கும். அதை எடுங்க. அத்தனையிலயும் நான் தப்பா அளந்திருக்கேன். எல்லாத்துலயும் ஒரு அடி, ஒண்ணரை அடி கூட்டணும். ரோட்டை அளந்தேனே ஒழிய யாரு வீட்டையும் அளக்கலை!"

பாப்பா எழுந்து வந்து இரண்டு படத்தையும் இன்ஜினியர் முன்னால் வைத்தாள். ஜன்னல் கம்பியை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினாள். ஒன்று, இரண்டு, பாதி.

இன்ஜினியருக்குப் பட்டியல் தேவைப்படவில்லை. அந்த ரோடுகளுக்குக் கையெழுத்துப் போட்டவரே அவர்தான். நாற்காலியில் கொஞ்சம் உள்ளே போனவர் போல உட்கார்ந்தார். பிறகு வயர்லெஸ்ஸை எடுத்தார்.

"ரெண்டாம் நம்பர் படகு எங்க இருக்கு?... இறக்கிட்டு நேரா அச்சகத் தெரு போ. முனையில தையல்காரர் மாடி, அதுக்கு அடுத்த ஓட்டு வீடு. நிக்காத, போ."

படகு எட்டுப் பேரை இறக்கிவிட்டுப் போய்ச் சேர மணி மூன்றாகிவிட்டது. அந்த நேரத்தில் கேட்டுக்காரர் மற்ற தெருக்களைத் திரும்ப அளக்க ஆரம்பித்திருந்தார். உயர்த்திய ரோடுகள் இருபத்து மூன்று. கேட்டை விட்டுவிட்டு ஜன்னலைத் தேடினார். ஜன்னல் இல்லாத இடத்தில் கதவு நிலை, அதுவும் இல்லாவிட்டால் சுவரில் கரண்ட் பெட்டி. காகிதத்தைப் பாப்பா மடித்துக் கொடுத்தாள். ஒன்பது தெரு டிராக்டர் பட்டியலிலிருந்து படகுப் பட்டியலுக்கு ஏறியது.

மூன்றேகாலுக்கு வயர்லெஸ் கரகரத்தது.

"ஒரு அம்மா. உயிரோட இருக்காங்க. பரண் மேல இருந்தாங்க." கொஞ்சம் இரைச்சல். "கீழே ஒருத்தர். ஜன்னல் கம்பியில துண்டால கையைக் கட்டிக்கிட்டு நின்னிருக்காரு. அவரு இல்லைங்க."

பாப்பா மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். அவள் வாயிலிருந்து வந்தது அழுகைகூட இல்லை. நாயை மிதித்தால் வருமே, அந்த மாதிரி ஒரு சின்னச் சத்தம். கேட்டுக்காரர் அவள் தலையைத் தன் இடுப்போடு சேர்த்துக்கொண்டார். ஜெனரேட்டர் மட்டும் ஓடியது.

நாலு மணிக்குப் படகு படிக்கட்டுக்கு வந்தது. அவர் மட்டும் இறங்கிப் போனார். படகின் முன்பக்கம் தார்ப்பாய் போர்த்தி ஒரு உருவம் படுத்திருந்தது. பார்த்ததும் கண் அளந்துவிட்டது. அந்தக் கண்ணைப் பிடுங்கி எறிந்தால் என்ன என்று இருந்தது. பின்பக்கம் தம்பி மனைவி, யாரோ கொடுத்த சட்டைக்குள் சுருங்கி உட்கார்ந்திருந்தாள். சடை அவிழவில்லை.

அவளைத் தூக்கிப் படியில் உட்கார வைத்தார். வாய் ஒரு பக்கம் இழுத்தபடியே அவள் பேசினாள். புரிய நேரம் பிடித்தது.

"நேத்து சாயங்காலமே என்னை மேல தள்ளி ஏத்திட்டாரு, மாமா. கட்டில் மேல நின்னு தூக்கினாரு. அப்புறம் கட்டில் கவுந்து போச்சு. அவரால ஏற முடியல. எட்டல."

"நீ பேசாதம்மா."

"நீங்க போங்க, தையல்காரர் மாடிக்குப் போயிருங்கன்னேன். போகலை. தண்ணி கழுத்து வரைக்கும் இருந்துது. ராத்திரி பூரா பேசிக்கிட்டே இருந்தாரு. மத்தியானம் பேச்சு நின்னுடுச்சு. தூங்குறாருன்னு நெனச்சேன்."

"மத்தியானம்னா எத்தனை மணி?" கேட்கக்கூடாது என்று தெரிந்தும் கேட்டார்.

"தெரியல. வெயில் நேர் மேல ஓட்டுல அடிச்சுது."

பத்தேகாலுக்கு இரண்டே முக்கால் என்று சொன்னது அவர் காதிலேயே மறுபடியும் கேட்டது. அப்போது ஒரு படகு அடுத்த தெரு எது என்று காத்துப் படிக்கட்டில் கட்டியிருந்தது.

"நான்தாம்மா அளந்தேன்" என்றார். "தப்பா அளந்துட்டேன். காலையிலயே படகு வந்திருக்கணும்."

அவள் அவரைப் பார்த்தாள். திட்டவில்லை. திட்ட வாய் ஒத்துழைக்கவில்லையா, மனம் வரவில்லையா என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. கடைசியில் அவள் வேறு எதையோ சொன்னாள்.

"பாப்பா ஆபீஸ்ல இருக்கா, எப்படியும் படகு அனுப்பிருவான்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. பத்து நிமிஷத்துக்கு ஒரு தரம் சொன்னாரு. பாப்பா அனுப்பிருவா, பாப்பா அனுப்பிருவான்னு."

படிக்கட்டில் நின்ற டாக்டர் அவளை உள்ளே கொண்டுபோகச் சொன்னார். கேட்டுக்காரர் தார்ப்பாய் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றார். தம்பியின் மணிக்கட்டில் துண்டு அறுத்த தடம் சிவப்பாக இருந்தது. அதைத் தன் உள்ளங்கையால் மூடினார். வெல்டிங் கை, சூடாகத்தான் இருக்கும் எப்போதும். அது ஒன்றும் உதவவில்லை.

மேலே வந்தபோது இன்ஜினியர் எழுந்து நின்றார். "நீங்க ரெண்டு பேரும் போங்கய்யா. நாங்க பாத்துக்கிறோம்."

"இன்னும் எத்தனை தெரு இருக்கு?"

"ஏத்தின ரோட்டுல பதினொண்ணு."

"கதவு எவ்வளவு உசரம், ஜன்னல் எங்க ஆரம்பிக்குதுன்னு உங்கள்ல யாருக்குத் தெரியும்?"

கேட்டுக்காரர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாப்பா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள், மாட்டினாள், மறுபடியும் கழற்றினாள்.

"அண்ணி பேசினாங்களா?"

"ம்."

"சின்னண்ணனைப் பத்தி என்ன சொன்னாங்க? கடைசியா ஏதாவது சொன்னாராமா?"

முப்பது வருஷமாக அளவில் பொய் சொல்லாத மனிதர் தங்கச்சி முகத்தைப் பார்த்தார். எவ்வளவு தாங்கும் என்று கண்ணாலேயே அளந்தார்.

"ஒண்ணும் சொல்லலையாம். குளிருதுன்னாராம். சீக்கிரமே கண் அசந்துட்டாராம்."

அவள் தலையாட்டினாள். நம்பினாளா என்று தெரியாது. கை மட்டும் தானாகவே அடுத்த தெருவைத் திறந்தது. வெயிலில் காய்ந்துகிடக்கிற ஒரு தெரு, வாசலில் ஒரு நாற்காலி, கொடியில் துணி.

கேட்டுக்காரர் காகிதத்தைக் கிழிப்பதற்கு முன்னால் திரையின் மூலைக்குக் குனிந்தார்.

"முதல்ல வருஷத்தைப் படி, பாப்பா."